குருநகர் மெஷினின் முதல் ஹோல்டர்

கனடாவிலிருந்து மருமகன் முறையான ஒருவன் படம் அனுப்பியிருக்கிறான். பழைய பின்போல் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டின் கீழறையில் வைத்திருக்கிறானாம். படக்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பல்புகள் மின்னி மின்னி அணைகின்றனவாம். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக எல்.இ.டி. பல்பு போட்டானாம். இப்போது முன்னதைவிட மோசமாக மின்னுகிறதாம். “நல்ல கொம்பனி பல்ப் ஒண்டு சொல்லுங்கோ மாமா” என்று கேட்கிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்பை மாற்றாதே, பல்பை மாற்றாதே என்று வேலை செய்த காலம் முழுக்கக் கத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் கத்தவேண்டியிருக்கிறது.

பின்போல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டில் நீளத்தில் சாய்வான பலகை. அதில் இரும்புக் குண்டு உருண்டு வரும். இரண்டு பக்கமும் பொத்தானை அடித்து அதை விழவிடாமல் ஆட வேண்டும். எதிரே படம் கீறிய கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பின்னால் சின்னச் சின்னப் பல்புகள் வரிசையாக எரியும். ஒவ்வொரு பல்பும் ஒரு ஹோல்டரில் இருக்கும். ஹோல்டர் பெருவிரல் அளவு சாமான். பல்பு உட்காரச் சின்னக் கோப்பை ஒன்று. அந்தக் கோப்பையைப் பலகையோடு பிடித்து வைக்கக் கால்தகடு ஒன்று. இரண்டையும் சேர்த்து நசுக்கி இறுக்கியிருப்பார்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். வெறும் நசுக்கல். கறண்ட் அந்த நசுக்கல் வழியாகத்தான் பல்புக்குப் போக வேண்டும். நாளாக நாளாக அது தளரும். கடற்கரையில் உப்புக் காற்றுப் பட்டால் பச்சைக் களிம்பு பிடித்துச் சீக்கிரமே தளரும். அதன் பிறகு தங்கத்தால் செய்த பல்பைப் போட்டாலும் மின்னும்.

இந்த நசுக்கலுக்காக ஒரு மனிதன் இராணுவ முகாமில் அடி வாங்கினான். என்னைச் சிலர் இன்றைக்கும் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர் செத்துப் போய்விட்டார். இனி எழுதினால் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராய் ஆள். புகையிலைத் தோட்டத்தில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறப் பிடிக்காமல் கொழும்புக்கு ஓடினேன். அங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தில் முதலில் மெஷின் துடைத்தேன். பிறகு திறக்க விட்டார்கள். பிறகு திருத்தினேன். சிங்களமும் அங்கேதான் பிடிபட்டது. எண்பத்திமூன்று ஆடியில் மண்டபத்தை எரித்தார்கள். உடுத்த துணியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பொன்னையா அண்ணை மின்சாதனம் திருத்தும் கடை வைத்திருந்தார். அவரும் கொழும்பில் இருந்து வந்தவர்தான். கலவரத்துக்கு முன்பே சில பின்போல் மெஷின்களை வாங்கி இங்கே அனுப்பிவைத்த கெட்டிக்காரர். கூல்பார்களிலும் வாசிகசாலைகளிலும் அவற்றை வாடகைக்கு விட்டிருந்தார். என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அவர் நல்ல வேலைக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். சத்தம் போட மாட்டார். வெள்ளை பெனியன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். மற்றவன் தொட்ட குறட்டைத் துடைக்காமல் தொட மாட்டார். எந்த மெஷினிடம் போனாலும் ஒரே ஒழுங்குதான். முதலில் ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் மட்டமாக்குவார். பிறகு பென்சிலில் அரத்தாளைச் சுற்றி ஒவ்வொரு கோப்பையின் உட்பக்கத்தையும் மினுங்கத் தேய்ப்பார். அதன் பிறகுதான் பழுதைத் தேடுவார். பற்றவைத்த இடத்தில் எல்லாம் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். மனைவியின் நகப்பூச்சுப் போத்தல் ஒன்று அவருடைய ஆயுதப் பெட்டியில் குறடு, திருப்புளியோடு எப்போதும் கிடக்கும்.

“கை வைச்சவன்ரை அடையாளம் இருக்கவேணும்” என்பார். “நாளைக்கு ஒருத்தன் கேட்டால் இது நான் இல்லை எண்டு சொல்ல ஏலாது. விளங்குதே?”

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

அவருடைய மெஷின் ஒன்று குருநகர்க் கடற்கரையோரம் ஒரு வாசிகசாலையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டவர் அந்தோனி அண்ணை. கடல் தொழிலாளி. கடலில் இறங்கக் கூடாது என்று இராணுவம் தடை போட்டுவிட்டது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அவர் வாசிகசாலைக் கதவின் திறப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே இருந்தார். மனைவி திரேசா அக்கா முன்னால் கடலையும் தேத்தண்ணியும் விற்றாள். வேலையில்லாத ஆண்கள் எல்லாரும் அந்த மெஷினில்தான் நின்றார்கள்.

அவர்கள் ஆடுகிற ஆட்டம் வேறு. குண்டு விழப்போனால் இடுப்பால் மெஷினை ஒரு இடி இடிப்பார்கள். வலை இழுத்த உடம்புகள். மெஷின் நகர்ந்து நகர்ந்து சுவருக்குப் போய்விடும். அதற்கு அவர்கள் ஒரு வழி செய்திருந்தார்கள். மெஷினின் முன்கால் இரண்டிலும் வள்ளம் கட்டுகிற கயிற்றைப் போட்டு, ஆடுகிறவனின் இரு பக்கத்தாலும் கொண்டுபோய், அவனுக்குப் பின்னால் இருந்த யன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். இனி மெஷின் ஓடாது. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் கயிறு விறைத்து மெஷினைச் சுண்டி இழுக்கும். அந்தச் சுண்டல் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நசுக்கலிலும் போய் விழும்.

அந்த யன்னல் கடலைப் பார்த்தது. கண்ணாடி யன்னலைப் பார்த்தது.

“தம்பி, உது பெட்டையளைக் கண்ட மாதிரிக் கண்ணடிக்குது” என்று அந்தோனி அண்ணை ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்பு மின்னினால் ஒரு பல்புதான் மின்ன வேண்டும். இங்கே ஒரு வரிசை முழுதும் ஒன்றாக அணைந்து எரிந்தது. காரணம் முதல் ஹோல்டரில் இருந்தது. கறண்ட் கொண்டுவரும் வயரைக் கால்தகட்டில் பற்றவைத்தால், அது அங்கிருந்து அடுத்த ஹோல்டர்களுக்கு நேரே போகும். முதலாவதின் நசுக்கல் கெட்டாலும் மற்றவை எரியும். இதில் கால்தகட்டின் நுனி உடைந்திருந்தது. யாரோ அவசரத்துக்கு வயரைக் கோப்பையில் பற்றவைத்திருந்தார்கள். ஆகவே வரிசை முழுவதற்குமான கறண்ட் அந்தக் களிம்பு பிடித்த நசுக்கலைத் தாண்டித்தான் போனது. அது விட்டால் எல்லாம் போகும்.

யாரோ என்ன யாரோ. மேலே சிவப்புப் பொட்டு இருந்தது.

கடைக்கு வந்து பொன்னையா அண்ணையிடம் சொன்னேன். “கோப்பைக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு செப்புக் கம்பி போட்டுப் பத்தவைச்சால் முடிஞ்சுது அண்ணை. இப்பவே போட்டு வாறன்.”

“இப்ப எரியுதெல்லே? வாற கிழமை பாப்பம்.”

வாற கிழமையும் போனது, அதற்கடுத்ததும் போனது. பிறகு ஒரு பின்னேரம் திரேசா அக்கா கடைக்குள் ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

“மனுசனை ஆமிக்காரங்கள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்” என்றாள். “கடலுக்கு லைற் அடிச்சுச் சைகை காட்டினதாம். ஆருக்குக் காட்டினனி, என்ன சொன்னனி எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்களாம். லைற்றாம்! வீட்டிலை குப்பி விளக்குக்கு எண்ணெய் இல்லை, லைற்றாம்!”

கரையில் இருந்த காவல் அரணில் நின்றவன் யன்னல் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறான். பொழுதுபடும் மம்மல் நேரத்தில் அணைந்து, எரிந்து, அணைந்து. அவனுக்கு அது யாரோ கடலில் நிற்கிறவனுக்குச் சொல்லும் செய்தி.

தேவாலயத்துப் பங்குச் சுவாமி முகாமுக்குப் போய் மன்றாடியிருக்கிறார். அது விளையாட்டு மெஷின், அதன் பழுதுதான் மின்னுகிறது என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி, நாளை காலை நேரே வருகிறேன், அது தானாக மின்னுவதைக் காட்டுங்கள் என்றானாம். காட்டாவிட்டால் அந்தோனி அண்ணையைத் தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் எழும்பினேன். பொன்னையா அண்ணை என் தோளைப் பிடித்து இருத்தினார்.

“நீ கடையைப் பார். நான் போய்ப் பாத்திட்டு வாறன்.”

“ஒண்டையும் தொட்டுப்போடாதைங்கோ அண்ணை. பழுது பழுதாவே இருக்கவேணும்.”

“எனக்குப் படிப்பிக்காதை.”

மறுநாள் காலை நான் வாசிகசாலைக்குள் நுழைந்தபோது மெஷின் புதுசு போல நின்றது. நான்கு காலும் மட்டம். கண்ணாடி துடைத்திருந்தது. ஒவ்வொரு கோப்பையும் அரத்தாள் பட்டு மினுங்கியது. கயிற்றை அவிழ்த்து மூலையில் சுருட்டி வைத்திருந்தது. பொன்னையா அண்ணை வெள்ளை பெனியனோடு கதவடியில் நின்றார்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?” என்றேன்.

“அவங்கள் வந்து பாக்கேக்கை ஊத்தை மெஷினைக் காட்டுறதே? கடையின்ரை பேர் என்னாகிறது?”

அவர் பயந்துபோய் இருந்தார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. பயந்த மனிதனின் கை தன் பழைய ஒழுங்குக்குத்தான் போகும்.

லொறி வந்து நின்றது. ஊர்ச்சனம் எட்ட நின்று பார்த்தது. பின்பக்கம் அந்தோனி அண்ணை இரு சிப்பாய்களுக்கு நடுவில் குந்தியிருந்தார். கை பின்னால் கட்டியிருந்தது. உதடு வீங்கியிருந்தது. திரேசா அக்கா ஒரு அடி வைத்தாள். சிப்பாய் துவக்கை உயர்த்தினான். அவள் நின்றுவிட்டாள்.

அதிகாரி இளம் ஆள். கரம் விளையாடும் பலகையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். யாருக்குச் சிங்களம் தெரியும் என்று கேட்டான். நான் பொன்னையா அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியும்” என்றேன்.

“சரி மல்லி” என்று சிங்களத்தில் தம்பி முறை சொன்னான். “அரை மணித்தியாலம். மின்னவை பார்க்கலாம்.”

என் வாழ்க்கையில் பழுதை ஓட்டத்தான் படித்தேன். வரவழைக்கப் படிக்கவில்லை. மெஷினைப் போட்டேன். எல்லாப் பல்பும் ஆடாமல் அசையாமல் எரிந்தன. குண்டை விட்டு ஆடினேன். பலகையைத் தட்டினேன். சூடேறினால் தளரும் என்று காத்திருந்தேன். கறண்ட் நின்றுவிடக் கூடாதே என்று வேறு பயம். பின்பக்கமாகக் கையை விட்டு ஹோல்டரை அசைக்கலாம். ஆனால் அங்கே ஒரு சிப்பாய் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தொட்டு மின்னினால் நான் மின்ன வைத்தது என்பார்கள். நான்தான் சைகைக்காரன் ஆவேன்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தான். “நல்ல மெஷின்” என்றான். “ஒரு பழுதும் இல்லை.”

திரேசா அக்காவுக்கு அந்தச் சிங்களம் விளங்கியிருக்காது. அவன் எழும்பியது விளங்கியது. உள்ளே வந்தாள்.

“தம்பி, என்ன நீர், சுகமில்லாத பிள்ளையைத் தடவுற மாதிரித் தடவிக்கொண்டு நிக்கிறீர்? எங்கடை ஆக்கள் உப்பிடியே விளையாடுறவை?” சுற்றிப் பார்த்தாள். “கயிறு எங்கை? ஆர் கயிறை அவிட்டது?”

“மட்டம் வைக்கிறதெண்டால் அவிட்டுத்தானே ஆகவேணும் பிள்ளை” என்றார் பொன்னையா அண்ணை.

“மட்டமோ? உங்கடை மட்டத்தைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ!”

மூலையில் கிடந்த கயிற்றை எடுத்தாள். அதிகாரியிடம், இப்படித்தான் இவர்கள் ஆடுவது, கட்டவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவன் தலையை ஆட்டினான். வள்ளத்துக்குப் போடுகிற முடிச்சைக் கால்களில் போட்டு யன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினாள். சேலைத் தலைப்பைச் செருகினாள். அந்த மெஷினை அவள் ஒரு நாளும் ஆடியதில்லை. ஆடுகிறவர்களைத் தேத்தண்ணி ஊற்றியபடி நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். கயிறுகளுக்கு நடுவில் நின்று இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கயிறு விறைத்தது. மெஷின் துள்ளி வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

“மாதாவே” என்றாள். இன்னொரு இடி. ஒன்றுமில்லை. மூன்றாவது இடிக்குக் கண்ணாடியின் ஒரு பாதி அணைந்து எரிந்தது. அடுத்த இடிக்கு அணைந்தது, எரிந்தது, திரும்ப அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே இடித்தாள்.

அதிகாரி ஒரு சிப்பாயைக் கரைப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னான். யன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது. “இதுதான் சேர். இப்படித்தான் தெரிந்தது.”

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவன் மெஷினுக்குப் பின்னால் வந்து, எது என்று காட்டச் சொன்னான். முதல் ஹோல்டரைக் காட்டினேன். நசுக்கல் தளர்ந்ததைச் சொன்னேன். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான். முட்டாள் இல்லை.

“மற்ற எல்லாவற்றிலும் வயர் கீழே தகட்டில் இருக்கிறது. இதில் மட்டும் ஏன் மேலே?” என்றான். “ஒரு தட்டில் இத்தனை விளக்கும் அணைய வேண்டும் என்றே யாரோ செய்திருக்கிறான். கவுத? யார்?”

அப்போது பொன்னையா அண்ணை வாய் திறந்தார். கொழும்பில் பிறந்தவன் போல நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

“சேர், இந்த மீன்காரர் தாங்களாகவே திறந்து கைவைக்கிறவர்கள். இது எங்கள் கடை வேலை இல்லை.”

வெளியே லொறியில் அந்தோனி அண்ணை இருந்தார். பக்கத்தில் திரேசா அக்கா என்ன பேச்சென்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வசனத்தோடு அவளுடைய புருஷன் தெற்கே போய்விடுவான்.

யோசிக்கவில்லை. “பொய்” என்றேன், சிங்களத்தில். “இது எங்கள் கடையில் பற்றவைத்தது. தகடு உடைந்திருந்தது, சோம்பேறித்தனத்துக்கு மேலே வைத்தது. சைகையும் இல்லை, மண்ணும் இல்லை. இந்தச் சிவப்புப் பொட்டைப் பாருங்கள்.” பொன்னையா அண்ணையின் பெட்டியைத் திறந்து நகப்பூச்சுப் போத்தலை எடுத்தேன். ஹோல்டருக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு பொட்டு வைத்தேன். ஒரே சிவப்பு.

அதிகாரி பழைய பொட்டையும் புதுப் பொட்டையும் பார்த்தான். பிறகு பொன்னையா அண்ணையைப் பார்த்தான்.

“இவ்வளவு சிங்களம் தெரியும். இவ்வளவு நேரமும் ஊமையா?” ஒரு அறை விட்டான். வெள்ளை பெனியனில் இரத்தம் தெறித்தது.

என்னைத் திருத்தச் சொன்னான். சோல்டரிங் அயன் சூடாகும் வரை துவக்கு முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒரு நாளும் அது அவ்வளவு மெதுவாகச் சூடானதில்லை. கோப்பையையும் கால்தகட்டையும் சுரண்டினேன். செப்புக் கம்பியைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தேன். வயரைக் கழற்றித் தகட்டில் வைத்தேன். திரேசா அக்கா திரும்ப இடித்தாள். கயிறு அறுந்துவிடும் போல இடித்தாள். ஒரு பல்பு கூடச் சிமிட்டவில்லை.

அந்தோனி அண்ணையை இறக்கினார்கள். அந்த இடத்தில் பொன்னையா அண்ணையை ஏற்றினார்கள். பின்னேரமே விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் பார்த்தது என்ன? நான் சிங்களத்தில் என்னவோ சொன்னேன், முதலாளிக்கு அறை விழுந்தது, லொறியில் ஏற்றினார்கள். அவர் சொன்னது என்ன என்று விளங்கிய தமிழன் அங்கே நான் ஒருவன்தான். அதை வெளியே சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் அவருக்கு விசாரணை இயக்கத்திடம் நடந்திருக்கும். முடிவு துரோகி என்ற அட்டையோடு மின்கம்பத்தில் இருந்திருக்கும். ஆகவே வாயை மூடினேன். அவரும் மூடினார். அவர் மூடியதுதான் எனக்கு ஆறவில்லை. “அவன் சொன்னதிலை பிழை இல்லை” என்று ஒரு சொல், சாகும் வரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கடையை விட்டேன். சைக்கிள் டைனமோவும் ரேடியோவும் திருத்தினேன். தொண்ணூறில் கறண்ட் முற்றாக நின்றது. பின்போல் மெஷின்கள் எல்லாம் வெறும் மேசையாகின. தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து நடந்தபோது என் ஆயுதப் பெட்டி மட்டும் கூட வந்தது. என் பெட்டியில் நகப்பூச்சு இல்லை. கனடாக்காரனுக்கு இவ்வளவுதான்: பல்பை விடு. முதல் ஹோல்டரைத் திருப்பிப் பார். வயர் கோப்பையில் இருந்தால் தகட்டுக்கு மாற்று. குறுக்கே கம்பி போடு.

அன்றைக்கு லொறி போன பிறகு அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம். திரேசா அக்கா புருஷனின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அவர் என்னவாம் தம்பி சொன்னவர்?” என்று கேட்டாள். “ஒண்டுமில்லை அக்கா” என்றேன்.

அந்தோனி அண்ணை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெஷினுக்குப் பின்னால் வந்தார். ஒரு கண் மூடிப்போய் இருந்தது.

“எது தம்பி?”

விரலை வைத்துக் காட்டினேன். ஈயம் இன்னும் சூடாக இருந்தது. திறந்திருந்த கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். தன் பெருவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

“உதே?” என்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“உதுக்கே?”